காட்டுத்தீயும் பட்டை வண்டும்

வீடு ஒன்றில் தீப்பற்றினால், அது அணைந்த மறுநாட் காலையிலேயே எரிந்தது எது, எஞ்சியது எது என்று எண்ணிப் பார்த்துவிடலாம். கரிந்த உத்தரம் ஒரு பக்கம் கிடக்கும். காப்பாற்றிய பெட்டி ஒரு பக்கம் இருக்கும். கணக்கு அன்றே முடிந்துவிடும். காட்டில் தீப்பற்றினாலோ கணக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை. கரிந்த மரம் இறந்தது, பச்சையாக நிற்கும் மரம் பிழைத்தது என்று ஏட்டில் எழுதி வைத்தவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குச் சென்று ஏட்டைத் திருத்த வேண்டியவர்களாயினர். பச்சையாக நின்றவற்றுள் பல பட்டுப்போயிருந்தன. தீயே தீண்டாத மரங்களும் சில அவற்றோடு சேர்ந்து பட்டுப்போயிருந்தன. இந்த இரண்டாம் அழிவுக்குக் காரணமாயிருந்தது ஒரு கோதுமை மணியளவே உள்ள வண்டு. அவ்வண்டின் செயலையும், அதனை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றையும் சுருக்கமாகக் காண்போம். அதற்கு நாம் செல்ல வேண்டிய இடம், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையில் பசிபிக் மாகடலை நோக்கியிருக்கும் ஓரிகன் மாநிலம்.

அம்மாநிலத்தின் வடமேற்கு மூலையில் தில்லமுக் என்னும் மலைப்பகுதி உள்ளது. கடலிலிருந்து எழுந்துவரும் மேகங்கள் அம்மலைகளில் மோதி மழைக்காலம் முழுவதும் பெய்யும். அங்கே வளர்ந்திருந்த காட்டின் பெரும்பகுதி டக்ளஸ் ஃபர் என்னும் ஊசியிலை மரங்களால் ஆனது. ஊசி போன்ற இலைகளை உடையதாய், கனிகளுக்கு மாறாகக் கூம்புகளில் விதைகளைத் தாங்குவது ஊசியிலை மரவகை. 1791ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு மென்சீஸ் என்பவர் இம்மரத்தை அறிவியலுலகிற்குக் காட்டினார். பின்னர் 1820களில் இதன் விதைகளைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பிய டேவிட் டக்ளஸ் என்னும் செடிநூல் வல்லுநரின் பெயரே வழக்கில் நிலைத்தது. இம்மரம் 200 அடிக்கு மேலும் உயரக் கூடியது. பல நூறு ஆண்டுகள் வாழக் கூடியது. முதிர்ந்த மரத்தின் பட்டை பல அங்குலக் கனமுடையது. சிறு தீக்கள் வந்து போனாலும் அப்பட்டை ஒரு கவசம் போல உள்ளே இருக்கும் உயிர்ப்பகுதியைக் காத்துவிடும்.

1933ஆம் ஆண்டுக் கோடையில் அக்காடு வறண்டு கிடந்தது. ஆகஸ்டு 14ஆம் நாள் வெப்பம் மிகுந்து காற்றின் ஈரம் குறைந்தமையால், மரம் வெட்டும் வேலைகளை நிறுத்துமாறு அறிவிப்பு விடுக்கப்பட்டது. கேல்ஸ் கிரீக் என்னும் பள்ளத்தாக்கில் வேலை செய்துகொண்டிருந்த குழுவினர், நிறுத்துவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு மரத்தை இழுத்துவிடலாம் என்று எண்ணினர் என்பர். எஃகு வடத்தால் இழுக்கப்பட்ட அம்மரம் காய்ந்த மரமொன்றின்மேல் உராய, உராய்வில் தீ பிறந்தது என்பது வழங்கிவரும் செய்தி. பத்து நாட்கள் வரையில் அத்தீயை ஏறத்தாழ 40,000 ஏக்கருக்குள் அடக்கி வைத்திருந்தனர். ஆகஸ்டு 24ஆம் நாள் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கிற்று. ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் தீ ஏறக்குறைய 2,40,000 ஏக்கரைத் தனதாக்கிக்கொண்டது. புகைமண்டலம் 40,000 அடி உயரம் எழுந்தது. கடலில் நெடுந்தொலைவில் சென்ற கப்பல்களின் மேற்றளத்தில் சாம்பல் விழுந்தது. செப்டம்பர்த் தொடக்கத்தில் கடல் மூடுபனியும் மழையும் வந்த பின்னரே தீ அடங்கிற்று.

இழப்பைக் கணக்கிட்டனர். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் உடைய பலகையை ஒரு பலகை அடி என்பது அந்நாட்டு மர வாணிகத்தின் அளவை. அவ்வளவையில் ஏறத்தாழ 1,200 கோடி பலகை அடி மரம் தீக்கிரையாயிற்று என்று கண்டனர். தீயின் எல்லைக்கு அப்பால் பச்சைக் காடு நின்றது. எல்லைக்கு உள்ளேயும் ஆங்காங்கே, ஓடைக்கரைகளிலும் மலைச்சரிவுகளின் மறைவிலும், பாதி கருகிப் பாதி பச்சையாக மரங்கள் நின்றன. அவை பிழைத்துக்கொண்டன என்று பார்த்தவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

தீயில் அகப்பட்ட மரத்தின் நிலை மூவகைப்படும். முழுதும் வெந்த மரம் ஒருவகை. அதன் உட்பட்டை சமைந்து காய்ந்துவிட்டது. அது அன்றே இறந்தது. சிறிதும் காயமுறாத மரம் மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது மூன்றாம் வகை. இதன் உச்சியில் பச்சை இலை இருக்கும். ஆனால் அடிமரத்தின் ஒரு பக்கத்தில் பட்டைக்கடியில் உள்ள வளர்படலம் வெப்பத்தால் மாண்டிருக்கும். மேல்வேர்கள் சில வெந்திருக்கும். கீழ்க் கிளைகளின் இலைகள் கருகியிருக்கும். இம்மரம் தன்னிடம் உள்ள சேமிப்பைக் கொண்டு சில காலம் பச்சையாகவே நிற்கும். இத்தகைய மரத்தைத்தான் வண்டு தேடி வருகிறது.

அவ்வண்டுக்கு டக்ளஸ் ஃபர் வண்டு என்றே பெயர். அமெரிக்க வேளாண் துறையில் காட்டுப் பூச்சிகளை ஆராயும் பிரிவை 1902 முதல் தலைமை தாங்கி நடத்திய ஆண்ட்ரூ டெல்மார் ஹாப்கின்ஸ் 1905ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். முழுதும் வெந்த மரத்தினால் அதற்குப் பயனில்லை. அங்கே உண்பதற்கு ஈரமான உட்பட்டை இல்லை. நல்ல உடல்நலமுள்ள மரத்தை அணுகவும் அதனால் எளிதில் இயலாது. அத்தகைய மரம் தன்னைத் துளைக்கும் பூச்சியைப் பிசினால் மூழ்கடித்து வெளியே தள்ளிவிடும். உட்பட்டை உயிரோடிருக்க வேண்டும், ஆனால் பிசின் சுரக்கும் வலிமை குன்றியிருக்க வேண்டும்: இவ்விரண்டும் பொருந்திய மரமே வண்டுக்கு ஏற்ற விடுதி. புயலில் சாய்ந்த மரமும், வறட்சியில் வாடிய மரமும், தீயில் பாதி வெந்த மரமும் இவ்வகையைச் சேர்ந்தவை. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்னும் நம் பழமொழி காட்டுக்கும் பொருந்துவதைக் காண்கிறோம்.

வேனிற்காலத்தில் பெண் வண்டு முதலில் வந்து பட்டையைத் துளைக்கிறது. துளைக்கும்போது அதனிடமிருந்து ஒருவகை மணப்பொருள் காற்றிற் பரவுகிறது. அம்மணத்தை முகர்ந்து ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கான வண்டுகள் அதே மரத்தில் வந்து குவிகின்றன. பட்டையின் வெடிப்புகளில் செந்நிறத் தூள் படிந்திருப்பதே அவை வந்ததற்கு அடையாளம். உட்பட்டைக்குள் மரத்தின் நெடுக்கிலே சுரங்கம் தோண்டி, அதன் இருமருங்கிலும் பெண் வண்டு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் பக்கவாட்டில் அரித்துச் செல்கின்றன. இலைகளில் ஆக்கப்பட்ட உணவு வேருக்குச் செல்லும் வழி உட்பட்டையே ஆதலால், அவ்வழி மரத்தைச் சுற்றிலும் அறுபட்டுவிடுகிறது. வண்டுகளின் உடலில் ஒட்டிவரும் பூஞ்சை, வேரிலிருந்து நீர் ஏறும் மரப்பகுதியிற் பரவி அவ்வழியையும் அடைக்கிறது. இவ்வளவும் நடந்தபின்பும் மரம் உடனே நிறம் மாறுவதில்லை. பல மாதங்கள் கழித்தே இலைகள் மஞ்சளித்துச் சிவந்து உதிர்கின்றன. அதற்குள் புது வண்டுகள் பட்டைக்கடியிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, அடுத்த வேனிலில் புதிய மரங்களைத் தேடிப் பறந்து போகின்றன.

தில்லமுக்கில் நிகழ்ந்தது இதுவே. தீக்குப் பின் வந்த காலத்தில் பாதி வெந்த மரங்கள் எல்லையெங்கும் நிறைந்திருந்தன. ஒரு சிற்றூரில் வாழ்ந்த குடும்பங்களுக்குத் திடீரென ஒரு நகரமே கட்டிக் கொடுத்தாற்போல, வழக்கமாகச் சிறு எண்ணிக்கையில் வாழும் வண்டுக்கு அளவற்ற இடம் கிடைத்தது. அங்கே பெருகிய வண்டுகள் அடுத்த தலைமுறையில் வெளிவந்தபோது, அவற்றுக்குப் போதிய அளவு மெலிந்த மரங்கள் எஞ்சவில்லை. எனவே 1930களின் நடுவிலே அவை தீயின் எல்லையைக் கடந்து பச்சைக் காட்டினுள் புகுந்தன. ஒரு வண்டை வெல்லக் கூடிய பிசின், ஓராயிரம் வண்டுகளை வெல்ல இயலவில்லை. தீயின் எல்லைக்கு வெளியே நின்ற நல்ல மரங்களும் திரள் திரளாகப் பட்டுப்போயின. எரிந்த நிலத்துக்கு விதை வழங்கியிருக்க வேண்டியவை இத்தகைய எல்லை மரங்களே என்பதை எண்ணும்போது, அவ்விழப்பின் பொருள் நமக்கு விளங்கும்.

ஆயினும் அப்பெருக்கம் முடிவின்றி நீளவில்லை. இத்தகைய பெருக்கம் சில ஆண்டுகளில் தானே தணிவது இவ்வண்டின் இயல்பு. மெலிந்த மரங்கள் தீர்ந்துவிடுகின்றன. மரங்கொத்திகள் பட்டையை உரித்துப் புழுக்களைத் தின்கின்றன. பட்டை வண்டையே இரையாகக் கொள்ளும் வேறு வண்டுகளும், அதன் புழுக்களின்மேல் முட்டையிடும் சிறு குளவிகளும் பெருகுகின்றன. இவ்வுண்மையை வேறொரு மரத்தில் முன்னரே சிலர் கண்டிருந்தனர். ஜே. எம். மில்லர், ஜே. ஈ. பாட்டர்சன் என்னும் இரு அறிஞர்கள், மேற்கு மாநிலங்களின் மஞ்சள் பைன் காடுகளில் தீக்காயத்துக்கும் பட்டை வண்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1927இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எரிந்த பகுதியை நோக்கிச் சுற்றுப்புறத்து வண்டுகள் திரண்டு வருகின்றன. ஆயினும் அங்கே தோன்றும் பெருக்கம் நெடுநாள் நிலைப்பதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. இதனால் நாம் அறிவது யாது? வண்டு எங்கும் ஒரே வகையாக நடந்துகொள்வதில்லை. மரத்தின் இனம், காயத்தின் அளவு, அடுத்த காட்டின் நலம், அவ்வாண்டின் மழை ஆகியவற்றைப் பொறுத்தே விளைவும் அமைகிறது.

தீயைத் தேடிவரும் பூச்சிகளுள் மற்றொன்றையும் இங்கே குறிப்பிடல் தகும். மெலனோஃபிலா என்னும் கரிய வண்டு, கங்கு ஆறுமுன்னரே எரிந்த மரத்தில் வந்து முட்டையிடுவது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக் கால்பந்து அரங்கில் கூடியிருந்த மக்களின் சிகரெட்டுப் புகையை நாடி இவ்வண்டுகள் வந்து மொய்த்துத் தொல்லை தந்ததை, லின்ஸ்லி என்னும் பூச்சிநூலார் 1943இல் பதிவு செய்தார். புகையேயன்றி வெப்பக் கதிர்களையும் உணரும் சிறு குழிகள் அதன் நடுக்காலின் அருகே இருத்தல் 1960களில் ஆராய்ந்து அறியப்பட்டது. நமக்குத் தீ ஒரு பேரிடர். அச்சிற்றுயிருக்கோ அது விருந்துக்கு அழைக்கும் மணியோசை.

தில்லமுக்கின் கதைக்குத் திரும்புவோம். வண்டு தணிந்தபோதும் துயரம் தணியவில்லை. தீயாலும் வண்டாலும் மாண்ட மரங்கள் லட்சக்கணக்கில் நின்றபடியே காய்ந்தன. அவற்றை வெட்டிப் பயன்படுத்தும் வேலை நடந்தது. அது நேரத்தோடு போட்டியிட்ட வேலை. மரத்தின் வெளிப்பகுதியை ஒருவகை வண்டு துளைத்தது. துளை வழியே பூஞ்சை புகுந்து அழுகச் செய்தது. உள்வயிரம் மட்டும் பல ஆண்டுகள் கெடாமல் நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது மரத்தேவை பெருகவே வேலை விரைந்தது. ஆயினும் எஞ்சிய பட்ட மரங்கள் பலவாயிருந்தன. 1939இல் மறுபடியும் தீப்பற்றிற்று. 1945இல் மீண்டும் பற்றிற்று. 1951இல் நான்காம் முறையாகப் பற்றிற்று. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சாபம் என்று மக்கள் அதனைப் பேசலாயினர். முதல் தீக்குப் பின் தாமாக முளைத்த கன்றுகள் கூம்பு விடும் பருவத்தை எட்டுமுன்னரே பின்வந்த தீக்களில் மடிந்தன. விதை தரும் தாய்மரமும் இல்லை. விதையிலிருந்து எழுந்த கன்றும் இல்லை என்னும் நிலை பல இடங்களில் ஏற்பட்டது. நான்கு தீக்களிலும் சேர்ந்து எரிந்த பரப்பு ஏறத்தாழ 3,55,000 ஏக்கர்.

1948ஆம் ஆண்டில் ஓரிகன் மக்கள்முன் ஒரு வினா வைக்கப்பட்டது. கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டி இக்காட்டை மீண்டும் வளர்க்கலாமா என்பதே அது. தாம் நடும் மரத்தின் பயனைத் தாம் காணப்போவதில்லை என்று அறிந்தும், மிகச் சிறிய வாக்கு வேறுபாட்டில் மக்கள் அதற்கு இசைந்தனர். 1949இல் பணி தொடங்கிற்று. பட்ட மரங்கள் வீழ்த்தப்பட்டுத் தீத்தடுப்பு வெளிகள் அமைக்கப்பட்டன, பாதைகள் போடப்பட்டன. ஹெலிகாப்டர்களிலிருந்து விதை தூவப்பட்டது. ஏறத்தாழ 7 கோடியே 20 லட்சம் நாற்றுகள் கையால் நடப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதியை நட்டவர்கள், போர்ட்லாந்து நகரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் பேருந்துகளில் வந்த பள்ளி மாணவ மாணவியர். 1973ஆம் ஆண்டில் மாநில ஆளுநர் டாம் மெக்கால் அவ்விடத்துக்குத் தில்லமுக் மாநிலக் காடு என்று பெயர் சூட்டினார். அதுவரை மக்கள் அதனைத் தில்லமுக் எரிகாடு என்றே அழைத்து வந்தனர்.

கணக்கு அத்துடனேனும் முடிந்ததா எனின், முடியவில்லை. ஒரே காலத்தில், பெரும்பாலும் ஒரே இனமாக நடப்பட்ட அம்மரங்களை 1990கள் தொடங்கி ஓர் இலைப்பூஞ்சை நோய் வாட்டி வருகிறது. நோய்கண்ட மரம் இலைகளை முன்னதாகவே உதிர்த்து வளர்ச்சி குன்றுகிறது. தீயை வென்றவர்கள் இன்று பல இனங்களைக் கலந்து வளர்க்கும் பாடத்தைக் கற்று வருகின்றனர்.

வண்டைப் பற்றிய அறிவும் வளர்ந்தது. 1988ஆம் ஆண்டுக் கோடையில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பெருந்தீ பரவி, அதன் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீண்டிற்று. செப்டம்பரில் விழுந்த பனியே அதனை அடக்கியது. பின்வந்த ஆண்டுகளில் ஜீன் அம்மன், கெவின் ரயன் என்னும் ஆராய்ச்சியாளர், தீக்குத் தப்பி நின்ற மரங்களை ஆண்டுதோறும் சென்று பார்த்தனர். டக்ளஸ் ஃபரை ஒரு வண்டும், ஸ்புரூஸ் மரத்தை வேறொரு வண்டும், லாட்ஜ்போல் பைனை மற்றொரு வண்டும் தேடி வந்திருத்தலை அவர்கள் கண்டனர். தீ அணைந்த நாளில் உயிரோடிருந்து பின்னர் மாண்ட மரங்கள் பல. அவற்றுள் தீக்காயத்தால் மெல்ல மாண்டவை எவை, வண்டால் மாண்டவை எவை என்று பட்டையை உரித்துப் பார்த்தே பிரித்தறிய வேண்டியிருந்தது. இலையின் பச்சை நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் அக்கணக்கு முழுதும் பிழையாகியிருக்கும்.

வண்டின் மணமே வண்டைத் தடுக்கும் கருவியாகவும் ஆயிற்று. ஒரு மரம் நிறைந்துவிட்டால், இனி இங்கே இடமில்லை என்று பின்வருவோர்க்கு அறிவிக்கும் மற்றொரு மணப்பொருளையும் டக்ளஸ் ஃபர் வண்டு வெளியிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் அறியப்பட்ட இப்பொருளைச் செயற்கையாக ஆக்கி, சிறு உறைகளில் அடைத்து மரங்களில் பொருத்துகின்றனர். நஞ்சு தெளிக்காமலே மரம் காக்கப்படுகிறது.

ஆயினும் எரிந்த காட்டைத் தொட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. வெட்டாமல் விட்டால் வண்டு பெருகும், மரம் வீணாகும், மறுபடி எரியும் என்பது ஒரு சாரார் கூற்று. தில்லமுக்கின் நான்கு தீக்களை அவர்கள் சான்று காட்டலாம். மறு சாராரிடமும் சான்று உண்டு. 2002இல் தென்மேற்கு ஓரிகனில் பிஸ்கட் தீ எனப்பட்ட பெருந்தீ ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கரில் பரவிற்று. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரான டேனியல் டொனாட்டோவும் அவருடைய தோழர்களும் அவ்விடத்தை ஆராய்ந்தனர். பட்ட மரங்களை வெட்டி எடுத்த இடங்களில், தாமாக முளைத்திருந்த கன்றுகள் பெருமளவு அழிந்தன என்றும், தரையில் விழுந்த கழிவு தீக்கு இரையாகக் கிடந்தது என்றும் 2006இல் அவர்கள் எழுதினர். அக்கட்டுரை பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. முதிர்ந்த பேராசிரியர்களே இரு பக்கமும் நின்று வாதிட்டனர். மேலும் பட்ட மரம் வீண் என்று சொல்லிவிடவும் இயலாது. கருமுதுகு மரங்கொத்தி என்னும் பறவை, எரிந்த காட்டையே பெரிதும் நாடி, அங்கே பெருகும் துளைப்புழுக்களைத் தின்று வாழ்கிறது. அது குடைந்த பொந்துகளில் பிற்பாடு வேறு பறவைகள் குடியேறுகின்றன. நெடுங்காலம் நின்று, பின் வீழ்ந்து மக்கும் மரம் மண்ணுக்கு உரமாகிறது.

மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்து ஒன்று உண்டு. பேரிடரின் கணக்கை அது முடிந்த அன்றே எழுதி முடித்துவிடலாகாது. அன்று பச்சையாகத் தோன்றியது நாளை பட்டுப்போகலாம். அன்று முற்றும் அழிந்ததாகத் தோன்றிய நிலம் நாற்பது ஆண்டில் காடாகலாம். பெருந்தீயை எல்லோரும் காண்பர். அதன்பின் பட்டைக்கடியில் அரிக்கும் சிறு புழுவைக் காண்பதற்கோ, ஆண்டுதோறும் அதே மரத்தடிக்குச் சென்று குனிந்து பார்க்கும் பொறுமை வேண்டும். ஹாப்கின்சும் மில்லரும் பாட்டர்சனும் அம்மனும் ரயனும் செய்த பணி அதுவே. பேருந்தில் சென்று தில்லமுக்கின் சாம்பல் மண்ணில் நாற்று நட்ட சிறுவர் சிறுமியர் இன்று முதியவர்கள். அவர்கள் நட்ட மரங்களோ, டக்ளஸ் ஃபரின் வாழ்நாளை நோக்க, இன்னும் இளமையிலேயே நிற்கின்றன.